சென்னை–லண்டன் 8,230 கிலோமீட்டர்: யாரும் பறக்காத ஒரு கோடு

சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் 8,230 கி.மீ. என்றோ, அதற்குப் பத்து கிலோமீட்டர் முன்னே பின்னே என்றோ பதில் வரும். இந்தத் தடத்தில் பறக்கும் போயிங் 787 போன்ற விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வகுத்துப் பார்த்தால் ஒன்பது மணி ஒன்பது நிமிடம் வருகிறது. டிக்கெட்டைப் பார்த்தால் போகும்போது பதினொரு மணி நேரத்தை ஒட்டியும், திரும்பும்போது பத்தேகால் மணி போலவும் போட்டிருக்கிறது.

இதில் மூன்று குழப்பங்கள் இருக்கின்றன.

1. கணக்குக்கும் டிக்கெட்டுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எங்கே போனது?
2. போகிற தூரமும் வருகிற தூரமும் ஒன்றுதானே, நேரம் மட்டும் ஏன் வேறு?
3. இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் சில விமானங்கள் முன்பைவிட இப்போது நீண்ட நேரம் எடுப்பதாகச் செய்திகள் சொல்கின்றனவே, விமானத்தின் வேகம் குறைந்துவிட்டதா?

விமானத்தின் வேகம் குறையவில்லை. தூரத்தை அளக்கும் முறையும், விமானம் போகும் வழியும், டிக்கெட்டில் நேரம் போடும் முறையும் மூன்று தனித்தனி விஷயங்கள். மூன்றையும் ஒன்றாகப் போட்டு வகுப்பதால்தான் கணக்கு உதைக்கிறது.

தூரம் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. பெரும்பாலும் ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி அது அமையும். மீனம்பாக்கம் தோராயமாக வடக்கு 13 பாகை, கிழக்கு 80.2 பாகை. ஹீத்ரோ வடக்கு 51.5 பாகை, மேற்கு 0.45 பாகை. இணையத்தில் உள்ள தூரக் கணிப்பான்களுக்குத் தெரிந்தது இந்த நான்கு எண்கள் மட்டுமே. காற்று, எல்லை, போர் எதுவும் அவற்றுக்குத் தெரியாது.

இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே உருண்டையின் மேற்பரப்பில் எது மிகக் குறுகிய வழி? ஒரு குளோபை எடுத்து, சென்னையில் ஒரு முனையும் லண்டனில் மறுமுனையுமாக ஒரு நூலை இறுக்கி இழுத்துப் பிடித்தால் அது தெரிந்துவிடும். நூல் கிடக்கும் பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியைச் சரிபாதியாக வெட்டுகிற வட்டத்தின் ஒரு துண்டு அது.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்குகிற தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் வருவது வேறு பாதை. 1569இல் மெர்கேட்டர் வரைந்த வகை வரைபடம், திசைகாட்டியைப் பார்த்துக் கப்பல் ஓட்டுபவர்களுக்காகச் செய்யப்பட்டது. திசையைச் சரியாகக் காட்டுவதற்காகத் தூரத்தைப் பலி கொடுத்தது. வடக்கே போகப் போக நாடுகளை ஊதிப் பெரிதாக்கும். அந்த வரைபடத்தில் போட்ட சென்னை–லண்டன் நேர்கோட்டில் போனால் பாதித் தூரம் ஈராக்கில் முடியும், மொத்த நீளம் 8,480 கி.மீ. பெருவட்டப் பாதையின் நடுப்புள்ளியோ காஸ்பியன் கடலில், பாகு நகருக்குத் தெற்கே விழும். நீளம் 8,230 கி.மீ. அதாவது வரைபடத்தில் வளைந்து தெரிகிற கோடுதான் 250 கி.மீ. குறைவு.

ஒரு தளம் 8,225 என்றும் இன்னொன்று 8,240 என்றும் சொல்வதற்குக் காரணம் எளியது. பூமி சுத்தமான உருண்டை அல்ல. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. சில கணிப்பான்கள் சராசரியாக 6,371 என்று வைத்துக்கொண்டு உருண்டைக் கணக்குப் போடும். சில, சப்பிய வடிவத்துக்கு ஏற்ற கணக்கைப் போடும். எடுத்துக்கொள்ளும் குறிப்புப் புள்ளியும் கொஞ்சம் மாறும். இந்த வித்தியாசம் ஒரு நிமிடப் பயணத்துக்கு மேல் வராது, கண்டுகொள்ளாமல் விடலாம்.

கண்டுகொள்ள வேண்டியது அலகு. விமானத் துறையில் மைல் என்றால் கடல் மைல், 1.852 கி.மீ. சாலை மைல் 1.609 கி.மீ. ஆகவே 8,230 கி.மீ. என்பது ஒரு தளத்தில் 5,114 மைலாகவும் இன்னொரு தளத்தில் 4,444 மைலாகவும் இருக்கும். இரண்டும் சரி. வேகத்தைச் சொல்லும் 'நாட்' என்பது மணிக்கு ஒரு கடல் மைல்.

அந்தக் கோடு எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது?

தூரக் கணிப்பான் தரும் 8,230 கி.மீ. கோட்டை நிலத்தின் மேல் வைத்துப் பார்த்தால், இன்றைய வான்வழி அரசியல் முழுவதும் அதன் கீழே கிடக்கிறது.

சென்னையிலிருந்து வடமேற்கே கிளம்பி, ஆயிரம் கிலோமீட்டர் போனதும் கோடு நாசிக் நகரை ஒட்டிப் போகிறது. பிறகு குஜராத், கட்ச். அங்கிருந்து பாகிஸ்தானின் சிந்து, பலுசிஸ்தான். அடுத்து ஆப்கானிஸ்தானின் தென்மேற்கு மூலை. கிழக்கு ஈரானில் பிர்ஜந்த் அருகே நுழைந்து, வடமேற்காக ஏறி, காஸ்பியன் கடலைத் தாண்டி, காகசஸ் மலைகளுக்கு வடக்கே ரஷ்யாவின் மைகோப் பக்கம் போகிறது. அப்புறம் அசோவ் கடல், தெற்கு உக்ரைன், மால்டோவா. கடைசியில் செக் குடியரசும் ஜெர்மனியும் தொடுகிற எல்லையைக் கடந்து லண்டன்.

இனி அதே வழியில் திரும்பி நடந்து, எங்கெங்கே கதவு சாத்தியிருக்கிறது என்று பார்க்கலாம்.

1. உக்ரைன்: 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்ட வான்வெளி. கிழக்கு உக்ரைன் மேலே 2014 ஜூலை 17 அன்று மலேசிய விமானம் எம்.எச்.17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்ததிலிருந்தே அந்தப் பகுதியைப் பல நிறுவனங்கள் தவிர்த்துவந்தன.

2. ரஷ்யா: 2022 பிப்ரவரியில் பிரிட்டன் தன் வான்வெளியை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. மறுநாளே ரஷ்யா பிரிட்டிஷ் விமானங்களுக்கு மூடியது. சென்னைக்கு நேரடியாகப் பறக்கும் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு அந்தத் துண்டு கிடையாது.

3. ஈரான்: 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானம் ஏவுகணையால் தாக்கப்பட்டு 176 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேலின் தாக்குதல் தொடங்கியதும் ஈரான், ஈராக் வான்வெளிகள் மூடப்பட்டன. திறந்திருக்கும் காலத்திலும் ஈரானுக்கு மேலே போவதை விரும்பாத நிறுவனங்கள் உண்டு.

4. ஆப்கானிஸ்தான்: 2021 ஆகஸ்டில் ஆட்சி கைமாறியபோது வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சேவை நின்றுபோனது. அதன்பின் அங்கே உயரத்தில் கடந்து போகிற விமானங்கள், தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று பொது அலைவரிசையில் தாங்களே அறிவித்துக்கொண்டு போகவேண்டிய நிலை.

5. பாகிஸ்தான்: 2019 பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஜூலை வரை ஒருமுறை மூடியது. 2025 ஏப்ரல் 24 முதல், பஹல்காம் தாக்குதலை அடுத்த பதற்றத்தில், இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு மட்டும் மூடியது. இந்தியாவும் பதிலுக்குப் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. அந்தத் தடையை இரு தரப்பும் மாதாமாதம் நீட்டித்தன.

ஒரு நாட்டுக்கு மேலே பறக்க அந்த நாட்டின் சம்மதம் வேண்டும் என்பது 1944 சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. தன் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளி முழுவதிலும் அந்தந்த நாட்டுக்கே இறையாண்மை. சம்மதித்தாலும் இலவசம் இல்லை. விமானத்தின் எடை, கடக்கும் தூரம் இவற்றைப் பொறுத்துப் பல நாடுகள் கடப்புக் கட்டணம் வாங்குகின்றன. அதனால் நூல் பிடித்த மாதிரி பறப்பது எந்தக் காலத்திலும் கிடையாது. அமைதியான நாட்களிலும் விமானம், பெயரிட்ட புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுத்தான் போகும். ஆனாலும் அப்போது கூடுவது கொஞ்சம்தான். இன்றைய சுற்று வேறு கணக்கு.

சரி, எந்த வழியாகத்தான் போகிறது?

அன்றாடம் எந்த வழி என்பதை நிறுவனத்தின் திட்டப் பிரிவு, காற்றையும் எச்சரிக்கைகளையும் பார்த்துப் புறப்படும் சில மணி நேரத்துக்கு முன்பு முடிவு செய்யும். நம் கணக்குக்கு இரண்டு மாதிரிகள் போதும்.

முதல் மாதிரி, வளைகுடா வழியாகத் துருக்கிக்கு ஏறுவது. சென்னை–துபாய், துபாய்–இஸ்தான்புல், இஸ்தான்புல்–லண்டன் என்று மூன்று துண்டுகளாகப் பெருவட்டக் கோடு போட்டுக் கூட்டினால் சுமார் 8,450 கி.மீ. நடுத்துண்டு ஈரானைத் தொடாமல் குவைத், ஈராக் பக்கம் ஒதுங்கினால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இரண்டாவது, ஈராக்கும் வேண்டாம் என்கிற நாளுக்கானது. மஸ்கட், ரியாத், கெய்ரோ வழியாக லண்டன். கூட்டினால் சுமார் 8,910 கி.மீ. பெருவட்டத்தைவிட 680 கி.மீ. அதிகம். மணிக்கு 900 கி.மீ. என்று வைத்தாலும் முக்கால் மணி நேரம் இதிலேயே போய்விட்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், பலரும் கவனிக்காதது. தடை நாட்டுக்கு நாடு மாறுவதால், அதே இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே இரண்டு நிறுவனங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கலாம். டெல்லி–லண்டன் தடத்தை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் நிறுவனம் ரஷ்யாவுக்குள் போக முடியாது, ஆனால் 2025 தடை இந்திய நிறுவனங்களுக்கு மட்டும் என்பதால் அதற்குப் பாகிஸ்தான் வாசல் சட்டப்படி திறந்தே இருந்தது. இந்திய நிறுவனத்துக்கு நேர் எதிர்: ரஷ்யா திறப்பு, பாகிஸ்தான் அடைப்பு. ரஷ்யாவுக்கு மேலே ஏர் இந்தியா பறக்கிறது என்பதே பலருக்கு 2023 ஜூனில்தான் தெரியவந்தது. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன விமானம் என்ஜின் கோளாறால் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள மகதானில் இறங்கியபோது, பயணிகள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லாம் தங்கவேண்டி வந்தது. அமெரிக்க நிறுவனத்தின் விமானமாக இருந்திருந்தால் அந்த வழியிலேயே போயிருக்காது.

ஆகவே தூரம் பார்க்கும்போது எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்பதோடு, விமானத்தின் வாலில் எந்த நாட்டு நிறுவனத்தின் சின்னம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். எந்தக் கணிப்பானும் இதைக் கேட்பதில்லை.

காற்றின் பங்கு

இரண்டாவது கேள்விக்கு வருவோம். 900 கி.மீ. என்பது காற்றுக்குள் விமானம் நகரும் வேகம். தரையை வைத்துப் பார்த்தால் காற்றும் நகர்கிறது. ஓடுகிற ஆற்றில் பரிசல் விடுவது மாதிரிதான். துடுப்பு ஒரே வேகத்தில் போட்டாலும், நீரோட்டத்தோடு போனால் கரை சீக்கிரம் வரும், எதிர்த்துப் போனால் தாமதமாகும்.

பயணிகள் விமானங்கள் பறக்கும் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், நம் நடுப்பாதை போகும் அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்றோட்டங்கள் ஓடுகின்றன. இவைதான் ஜெட் ஸ்ட்ரீம். வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசமும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து இவற்றை உண்டாக்குகின்றன. குளிர்காலத்தில் அந்த வித்தியாசம் அதிகம் என்பதால் காற்றும் வலுக்கும், சில நாட்களில் மணிக்கு 300 கி.மீ.யையும் தாண்டும். 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தவர் ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஊயிஷி. உலகமே படிக்கட்டும் என்று தன் அறிக்கையை, எல்லா நாட்டினருக்கும் பொதுவாக உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். உலகம் படிக்கவில்லை.

பின்காற்று என்ன செய்யும் என்பதற்கு 2020 பிப்ரவரி ஒரு சாட்சி. புயல்காற்றின் உதவியோடு ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையளவில் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியைவிட வேகமா என்று சிலர் கேட்டார்கள். இல்லை. சுற்றியிருந்த காற்றை வைத்துப் பார்த்தால் அது வழக்கமான வேகத்தில்தான் போனது. காற்றே அதைச் சுமந்துகொண்டு ஓடியது.

இதில் இரண்டு தவறான எண்ணங்கள் பரவலாக உண்டு.

ஒன்று, பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் மேற்கே பறந்தால் ஊர் நம்மை நோக்கி வந்துவிடும், நேரம் குறையும் என்பது. பூமியோடு காற்று மண்டலமும், அதில் மிதக்கும் விமானமும் சேர்ந்தே சுழல்கின்றன. ஓடும் ரயிலுக்குள் பந்தைத் தூக்கிப் போட்டால் அது கைக்கே திரும்பி வருவது போல. உண்மையில் மேற்கே போகத்தான் நேரம் அதிகம் ஆகிறது.

இன்னொன்று, போகும்போது இழந்ததை வரும்போது ஈடுகட்டிவிடலாம் என்பது. 4,000 கி.மீ. தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாவிட்டால் 900 கி.மீ. வேகத்தில் போகவும் வரவும் சேர்த்து 8 மணி 53 நிமிடம். 100 கி.மீ. காற்று இருந்தால் எதிர்த்துப் போக 5 மணி, கூடவே வர 4 மணி, மொத்தம் 9 மணி. ஏழு நிமிடம் நஷ்டம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருக்கிறது என்பதுதான் காரணம். காற்று வலுக்க வலுக்க இந்த நஷ்டமும் ஏறும்.

900 என்ற எண்ணும் கல்லில் செதுக்கியது அல்ல. விமானிகள் ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டு 'மாக்' கணக்கில்தான் பறக்கிறார்கள். 11 கி.மீ. உயரத்தில் குளிர் மைனஸ் 56 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அங்கே ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,060 கி.மீ. மாக் 0.85 என்றால் 900 கி.மீ. எரிபொருள் விலை ஏறினால் நிறுவனம் கொஞ்சம் மெதுவாகப் பறக்கச் சொல்லும், இணைப்பு விமானம் தவறும் என்றால் கொஞ்சம் விரட்டச் சொல்லும்.

டிக்கெட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரம் அல்ல

டிக்கெட்டில் உள்ள புறப்பாடு என்பது சக்கரங்கள் தரையை விட்டு எழும் நேரம் அல்ல. நிறுத்துமிடத்தில் சக்கரத்துக்குக் கொடுத்த அடைப்பை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நேரம். வருகை என்பது போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி அடைப்பு வைக்கும் நேரம். இரண்டுக்கும் நடுவே உள்ளதைத் துறையில் 'பிளாக் டைம்' என்பார்கள். பின்னுக்குத் தள்ளுவது, ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மெதுவாக மேலேறுவது, இறங்குவது, மறுபடி ஊர்வது எல்லாம் இதற்குள் அடக்கம்.

இந்தச் செலவு தூரத்தைப் பொறுத்தது அல்ல என்பதால் குறுகிய பயணங்களில்தான் பளிச்சென்று தெரியும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு நேர்தூரம் 355 கி.மீ.தான். கிட்டத்தட்ட நேர் தெற்கு. இந்தத் தடத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 விசிறி என்ஜின் விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ. வகுத்தால் 43 நிமிடம். டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. மீதி அரை மணி, ஊர்வதிலும் ஏறி இறங்குவதிலும் போகிறது. பயணத்தில் பாதிக்குச் சற்றே குறைவு! லண்டன் பயணத்தில் அதே செலவு இருபதில் ஒரு பங்குதான்.

லண்டன் பக்கம் இன்னொரு தொல்லை. ஹீத்ரோவுக்கு இரண்டே ஓடுபாதைகள், அவை கிட்டத்தட்ட எப்போதும் நிரம்பியிருக்கும். முறை வரும்வரை விமானங்கள் நகரைச் சுற்றி நான்கு இடங்களில், பாவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிக்கின், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வட்டங்களில் சுற்றும். மேலே இருப்பது ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி வரும். சில நாள் சுற்றல் இல்லை, சில நாள் இருபது நிமிடம்.

இதையெல்லாம் நினைத்து நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் மெத்தை வைத்துத் தைக்கின்றன. பதினைந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால் 'சரியான நேரம்' என்று கணக்கில் சேர்வது இத்துறையின் வழக்கம். இணைப்பு விமானங்கள் தவறாமல் இருக்கவும் அது உதவும். விமானி "இருபது நிமிடம் முன்னதாகவே இறங்குகிறோம்" என்று பெருமையாக அறிவிக்கும்போது, அந்த இருபது நிமிடத்தை வெட்டி எடுத்து வைத்ததே அட்டவணைதான்.

கடிகாரத்தைக் கழிக்கும் முறை

புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில்தான் அச்சாகும். லண்டனைவிட இந்தியா குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி முன்னே இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும் நாட்கள். உதாரணத்துக்கு, கோடையில் சென்னையில் காலை 5.30க்குக் கிளம்பி லண்டனில் 11.50க்கு இறங்கினால் ஆறு மணி இருபது நிமிடம் போலத் தோன்றும். மேற்கே போவதால் 4.30ஐக் கூட்ட வேண்டும். விடை 10 மணி 50 நிமிடம். திரும்பும்போது கழிக்க வேண்டும். பகல் 1 மணிக்குக் கிளம்பி மறுநாள் அதிகாலை 3.45க்குச் சென்னை என்றால் 14.45இல் 4.30 போக 10 மணி 15 நிமிடம்.

கையாலேயே போடும் கணக்கு

இணையக் கணிப்பான்களில் பல, மணிக்கு 500 சாலை மைல், அதாவது 805 கி.மீ. என்று ஒரே வேகத்தை வைத்து வகுத்து, அரை மணி கூட்டிச் சொல்கின்றன. சென்னை–லண்டனுக்கு இந்த முறையில் 10 மணி 43 நிமிடம் வரும். உண்மைக்கு அருகில் இருக்கிறதே என்று வியக்க வேண்டாம். தூரத்தைக் குறைத்தும் வேகத்தைக் குறைத்தும் எடுத்ததில் ஒரு தப்பு இன்னொரு தப்பை அடித்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்கு இதே கணிப்பான் 56 நிமிடம் என்று சொல்லி மாட்டிக்கொள்ளும்.

கொஞ்சம் ஒழுங்காகப் போட வேண்டுமென்றால் இப்படி:

1. பெருவட்டத் தூரம் 8,230. மூடிய நாடுகளைச் சுற்ற 470 கூட்டி, மேலே சொன்ன இரண்டு மாதிரி வழிகளுக்கும் நடுவில் 8,700 என்று வைக்கலாம்.
2. மேற்கே போகும்போது வழிநெடுகச் சராசரியாக 40 கி.மீ. எதிர்காற்று என்று கொள்வோம். தரையளவு வேகம் 860. வகுத்தால் 10 மணி 7 நிமிடம்.
3. ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் 40 நிமிடம். மொத்தம் 10 மணி 47 நிமிடம்.
4. திரும்பும்போது அதே 40 பின்காற்று. வேகம் 940. பறக்க 9 மணி 15, மொத்தம் 9 மணி 55.
5. இரண்டோடும் மெத்தைக்குப் பத்து இருபது நிமிடம் சேர்த்தால் டிக்கெட் வந்துவிடும்.

40 என்பது ஒரு மாதிரி எண். ஜனவரியில் இதைவிடப் பெரிதாக இருக்கும், ஜூலையில் சுருங்கும். ஒரே தடத்துக்குக் குளிர்கால அட்டவணையும் கோடைக்கால அட்டவணையும் வேறு வேறு நேரம் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு நாடு கதவைச் சாத்தினால்

மிகக் கடுமையாக அடிபட்டது பின்லாந்தின் விமான நிறுவனமான பின்னேர். ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்கு ரஷ்யா வழியாகக் குறுக்கே போகலாம் என்பதே ஹெல்சின்கியின் வியாபார பலம். 2022 பிப்ரவரியில் அந்த வாசல் அடைபட்டதும், ஒன்பதரை மணி நேரம் போலிருந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரம் ஆனது. ரஷ்யாவைச் சுற்ற அவர்கள் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று வடதுருவத்துக்கு மேலேயே போவது. பயணிகளுக்குத் துருவம் கடந்ததற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். தூரப் பட்டியலில் ஹெல்சின்கி–டோக்கியோ அப்போதும் சுமார் 7,800 கி.மீ.தான்.

நேரம் கூடினால் என்ன, கொஞ்சம் தூங்கிக்கொள்ளலாமே என்று பயணி நினைக்கலாம். நிறுவனத்துக்கு அப்படி இல்லை. போயிங் 787 மணிக்கு ஏறத்தாழ ஐந்து டன் எரிபொருள் குடிக்கும். முக்கால் மணி நேரச் சுற்றுக்கு நான்கு டன் அதிகம். அந்த நான்கு டன்னைப் பத்து மணி நேரம் தூக்கிச் சுமக்கவே இன்னும் எரிபொருள் வேண்டும். மிக நீண்ட தடத்தில் தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருக்கும், கூடுதலாக ஏற்ற இடமோ எடை அனுமதியோ இருக்காது. அப்போது சரக்கைக் குறைக்க வேண்டும், சில இருக்கைகளைக் காலியாக விடவேண்டும், அல்லது நடுவில் எங்காவது இறங்கி நிரப்பவேண்டும். விமானிகளின் பணி நேர வரம்பு வேறு குறுக்கே வரும்.

2025 ஏப்ரலுக்குப் பிறகு ஏர் இந்தியாவுக்கு இதுவே நடந்தது. டெல்லியிலிருந்து வடமேற்கே நேராக ஏறுவதற்குப் பதில், முதலில் தென்மேற்கே அரபிக்கடல் பக்கம் இறங்கிப் பிறகு திரும்ப வேண்டியிருந்தது. ஐரோப்பா, வட அமெரிக்கா போகும் விமானங்களுக்கு ஒரு மணி நேரம் போலக் கூடியது. அமெரிக்காவிலிருந்து டெல்லி வரவேண்டிய சில விமானங்கள் வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் எரிபொருள் நிரப்ப இறங்கின. சென்னையிலிருந்து வளைகுடா போகும் விமானங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவை முதலிலிருந்தே அரபிக்கடல் மேலேதான் போகின்றன. டெல்லி–வாஷிங்டன் நேரடி விமானத்தை 2025 செப்டம்பர் 1 முதல் ஏர் இந்தியா நிறுத்தியது. 787 விமானங்களைப் புதுப்பிக்க அனுப்புவதால் விமானப் பற்றாக்குறை என்பது சொல்லப்பட்ட ஒரு காரணம், பாகிஸ்தான் வான்வெளி மூடல் இன்னொன்று. கணிப்பானில் இரண்டு ஊர்களையும் தட்டினால் ஏறக்குறைய 12,000 கி.மீ. என்றும், பதினைந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் என்றும் உடனே பதில் வரும்.